இரண்டு எம்.ஐ.டி., ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு குமாஸ்தா

எங்கள் பக்கத்தில் எம்.ஐ.டி. என்றால் ஒரே பொருள்தான். "எம்.ஐ.டி. கேட்டெல்லாம் முன்னாடி வா" என்று கண்டக்டர் குரல் கொடுப்பாரே, அந்தக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-ல் சி. ராஜம் தன் சொத்தைப் போட்டு ஆரம்பித்த மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. 1950களில் அப்துல் கலாம் அங்கே விமானப் பொறியியல் படித்தார். எழுத்தாளர் சுஜாதாவும் அங்கே படித்தவர்தான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இன்னொரு எம்.ஐ.டி. இருக்கிறது என்பது தாம்பரத்துக்காரர்களுக்கு ரொம்பப் பிற்பாடு தெரிந்த சங்கதி.

இந்த இரண்டு எம்.ஐ.டி.க்கும் என் வாழ்க்கையில் ஒரு முடிச்சு விழுந்தது. கணினியை நெட்வொர்க்கில் சேர்ப்பது எப்படி என்று ஐம்பத்தேழு வயதில் கற்றுக்கொள்ள நேர்ந்த கதை அது. நடைப்பயிற்சி நண்பர்கள் இரண்டு பேர் "எழுதுமய்யா" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் சரித்திரமும் கலந்துதான் சொல்ல முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு மூன்று வயது. சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அதற்குப் பிறகும் எங்கள் வகுப்பில் எல்லாம் பிரெஞ்சுதான். கணக்கு வாத்தியார் 'முசியே', பெருக்கல் வாய்ப்பாடு பிரெஞ்சில். பிற்பாடு தமிழ்நாடு அரசு வேலையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுத நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத் தனியாக எழுத வேண்டும். முப்பது வருஷம் அந்தப் பிரெஞ்சு எனக்கு எதற்கும் உதவவில்லை. கடைசியில் கணினிதான் அதைத் தூசி தட்டி எடுத்தது.

லினக்ஸ் கணினியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடத்தில் 'ஆர்சி' என்ற இரண்டெழுத்து திரும்பத் திரும்ப வரும். கணினி கண் விழிக்கும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகள் அந்தக் கோப்புகளில் இருக்கும். அந்த 'ஆர்சி'யின் மூலம் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் லூயி பூஸேன். 1931-ல் பிறந்தவர். புல் என்ற பிரெஞ்சுக் கணினிக் கம்பெனியில் இருந்தவர், 1963-ல் அமெரிக்க எம்.ஐ.டி.க்குப் போனார். அங்கே பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையில் வேலை செய்தார். ஒரே கட்டளைகளை நாள்தோறும் தட்டுவது அவருக்கு அலுத்துப்போயிற்று. கட்டளைகளைக் கோத்து ஒரு கோப்பில் வைத்துவிட்டு, அதை ஒரே மூச்சில் ஓடவிடும் ஒரு நிரலை எழுதினார். அதற்கு 'ரன்காம்' என்று பெயர். அது சுருங்கி 'ஆர்சி' ஆயிற்று. மனிதன் தட்டும் கட்டளையை வாங்கி இயந்திரத்துக்குச் சொல்லும் பகுதிக்கு 'ஷெல்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது இரண்டு சொற்களும் அதில் ஒட்டிக்கொண்டன. (நம் ரிச்சி தெருவுக்கும் அந்த ரிச்சிக்கும் சம்பந்தம் இல்லை.)

பூஸேன் ஊர் திரும்பிய பிறகு செய்த காரியம் இன்னும் பெரிது. 1970களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றில் அவர் ஒரு கணினி வலையமைப்பை உருவாக்கினார். அதன் பெயர் சிக்லாத். கிரேக்கத் தீவுக் கூட்டம் ஒன்றின் பெயர் அது. அதன் உள்ளே பொட்டலங்களைச் சுமந்து போகும் பகுதிக்கு 'சிகால்' என்று பெயர். சிகால் என்றால் சில்வண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எவனும் லா ஃபோந்தேனின் சில்வண்டும் எறும்பும் கதையை மனப்பாடம் செய்யாமல் தப்பியிருக்க முடியாது. ஒவ்வொரு கணினியிலும் ஒலிபெருக்கி பொருத்தியிருந்தார்களாம். பொட்டலம் கடந்து போகும்போது சில்வண்டு மாதிரி சத்தம் வரும். அதனால் அந்தப் பெயர். இதைப் படித்த அன்று வெகு நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய யோசனையை நம் ஊர் வழக்கில் சொல்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு நாற்பது பேர் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குப் போக வேண்டும். ஒரு வழி, ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து எல்லோரையும் ஒன்றாக ஏற்றி, வழியை முன்கூட்டியே ஏற்பாடு செய்து அனுப்புவது. அக்காலத்துத் தொலைபேசித் துறைகள் விரும்பியது அதைத்தான். இன்னொரு வழி, ஆளுக்கு ஒரு பத்திரிகையைக் கையில் கொடுத்து "மண்டபத்துக்கு வந்து சேருங்கள்" என்று சொல்லிவிடுவது. சிலர் மின்சார ரயிலில் வருவார்கள், சிலர் 21ஜி-யில். முன்னே பின்னே வரட்டும். தலை எண்ணுவதும் வராதவரைத் தேடுவதும் மண்டபத்து வாசலில் நிற்பவர் பொறுப்பு, பஸ்காரர் பொறுப்பு அல்ல. இரண்டாவது வழிதான் பூஸேன் சொன்னது. அந்தப் பத்திரிகை வைத்திருக்கும் பொட்டலத்துக்கு 'டேட்டாகிராம்' என்று பெயர். அவருடைய குழுவிலிருந்து ழெரார் லெ லான் என்பவர் 1973-ல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் விண்ட் செர்ஃபுடன் வேலை செய்தார். 1974-ல் செர்ஃபும் ராபர்ட் கானும் வெளியிட்ட கட்டுரையில் இந்த யோசனையின் தடம் இருக்கிறது. இன்றைய இணையம் ஓடுவது அந்த வழியில்தான்.

பிரான்சில் என்ன ஆயிற்று? ஆட்சி மாறிற்று, பணம் வற்றிற்று. தபால் தந்தித் துறை தன் வாடகை பஸ் முறையையே பிடித்துக்கொண்டது. கடைசியில் சிக்லாத்தை மூடிவிட்டார்கள். 2013-ல் இங்கிலாந்து எலிசபெத் அரசி பெயரில் முதல் பொறியியல் பரிசு கொடுத்தபோது, வாங்கிய ஐந்து பேரில் பூஸேனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. பென்ஷன் அரியர்ஸ் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் 1983 ஜனவரி 1-ல் அரசின் வலையமைப்பு முழுவதும் புதிய விதிமுறைக்கு மாறியது. அதே ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸில் 'இஃப்கான்ஃபிக்' என்ற கட்டளை முதலில் வந்தது. இஃப் என்றால் இன்டர்ஃபேஸ், நெட்வொர்க் வயர் சொருகும் வாய். அந்த வாய்க்கு இன்ன முகவரி என்று சொல்லும் கட்டளை. முப்பது ஆண்டுக்கு மேல் உலகம் முழுக்க அதைத்தான் தட்டினார்கள். இப்போது 'ஐபி' என்று சுருக்கமாக வேறொன்று வந்துவிட்டது. கை பழகிய என் போன்றவர்கள் பழையதையே தட்டுகிறோம்.

நம் ஊருக்கு இதெல்லாம் எப்போது வந்தது? 1986-ல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை எர்நெட் என்ற திட்டத்தை ஐ.நா. உதவியோடு தொடங்கியது. அதில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் கிண்டியைத் தாண்டி இருக்கும் நம் ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். வழியாக. 9.6 கிலோபிட் வேகம். மாணவர்களுக்கென்று படமில்லாத, வெறும் எழுத்து மட்டும் வரும் 'ஷெல் அக்கவுண்ட்' கொடுத்தார்கள். மோடம் கீச்சிட்டு முடித்ததும் மறுமுனையில் ஒரு யூனிக்ஸ் இயந்திரம் நிற்கும். என்னுடன் வேலை பார்த்தவரின் மகன் அதைக் காட்டியபோது, "ஷெல் என்றால் பெட்ரோல் கம்பெனிதானே?" என்று கேட்டவன் நான். அந்தச் சொல்லை வைத்தவர் என் வாத்தியார்கள் பேசிய பாஷைக்காரர் என்று அன்று யார் கண்டது.

இனி குரோம்பேட்டைக்கு வருகிறேன். எம்.ஐ.டி. வளாகத்தில் ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் எக்ஸோடஸ் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கே.பி. சந்திரசேகர் கொடுத்த நிதியில் வந்தது. 2005 வாக்கில் அங்கேயும் சென்னை சி-டாக்கிலுமாகக் கட்டற்ற மென்பொருளுக்கு ஒரு தேசிய மையம் அமைந்தது. 2007-ல் சி-டாக் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. அதே சமயம் எல்காட் நிறுவனமும், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. காசு மிச்சம் என்பது ஒரு காரணம். வைரஸ் தொல்லை இன்னொன்று. அரசு ஊழியர் மத்தியில் முணுமுணுப்பு இருந்தது, மறுக்கவில்லை. வானவில் எழுத்துருவில் தட்டிப் பழகிய விரல்கள் வேறு எதையும் ஒப்புக்கொள்ளுமா? ஆனாலும் அந்த முடிவு துணிச்சலானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்கும் 2008-ல் லினக்ஸ் போட்ட கணினிகள் வந்தன. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நான் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. கணினிகளோடு ஒரு பிரிண்டர், எல்லாவற்றையும் இணைக்க ஒரு ஸ்விட்ச். பொருத்திய பையன் இரண்டு மணி நேரத்தில் போய்விட்டான். ஒரு மாதம் எல்லாம் ஓடியது. பிறகு ஒரு புதுக் கணினி வந்தது. யாரோ அதற்கும் இணைப்புக் கொடுத்தார்கள். அத்தோடு பிரிண்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சம்பளப் பட்டியல் அச்சாகவில்லை. கருவூலத்துக்குப் போக வேண்டிய கடைசி நாளுக்கு மூன்று நாள் இருந்தது. எழுபது பேர் சம்பளம். அதில் மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்தவர் ஒருவர், மாமியாருக்கு அறுவை சிகிச்சை வைத்திருந்தவர் ஒருவர். பட்டியல் என் இருக்கையின் வேலை.

விசித்திரம் என்னவென்றால், மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை பிரிண்டர் ஒழுங்காக வேலை செய்தது. "சாப்பாட்டு நேரத்துல மட்டும் அதுக்கு நல்ல புத்தி வருது சார்" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். அவள் சிரித்தாள், எனக்கு அது உறுத்தியது.

எங்கள் வீட்டு மாடியில் அப்போது எம்.ஐ.டி.யில் படித்த ஒரு பையன் குடியிருந்தான். அன்று இரவு அவனைப் பிடித்துக்கொண்டேன். அவன் சொன்னதை நான் புரிந்துகொண்டது எங்கள் அலுவலக வழக்கில்தான். அரசு அலுவலகத்தில் தபால் ஆள் பெயருக்கு வராது, இருக்கைக்கு வரும். அ3, ஆ1 என்று. ஆள் மாறுவார், இருக்கை மாறாது. ஐ.பி. முகவரி என்பது அந்த இருக்கை. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு எண் போட்டு அனுப்புகிறார்கள், அது ஆளின் பணிப்பதிவேட்டு அங்க அடையாளம் மாதிரி. அதற்கு மேக் முகவரி என்று பெயர். ஒரு கணினி இன்னொன்றுக்குத் தாள் அனுப்புமுன், கூடத்தில் நின்று "அ3 யாரப்பா?" என்று கூவுகிறது. உரியவர் "நான்தான்" என்று தன் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் "நான்தான்" என்றால்?

"தாத்தா, 'ஏ.ஆர்.பி.'ன்னு ஒரு கமாண்ட் இருக்கு. பிரிண்டரோட ஐ.பி.க்கு யார் பதில் சொல்றாங்கன்னு காலைல ஒரு தடவை பாருங்க, மத்தியானம் ஒரு தடவை பாருங்க" என்றான்.

மறுநாள் பார்த்தேன். பிரிண்டரின் முகவரி 192.168.1.20. காலையில் அதற்கு ஒரு மேக் எண், மதியம் ஒன்றே முக்காலுக்கு வேறொரு மேக் எண். சாப்பிடப் போகும்போது கணினியை அணைத்துவிட்டுப் போகும் சிக்கனக்காரர் எங்கள் அலுவலகத்தில் ஒருவர்தான், கண்காணிப்பாளர். புதுக் கணினி அவருடையது. அதற்கும் .20 என்றே போட்டிருந்தார்கள். நாங்கள் அனுப்பிய சம்பளப் பட்டியல் பாதி நேரம் அவர் கணினிக் கதவைத் தட்டிவிட்டுத் தொலைந்துபோயிருக்கிறது.

"சார், உங்க இருக்கை எண்ணும் பிரிண்டர் இருக்கை எண்ணும் ஒண்ணா இருக்கு" என்று அவரிடம் சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் நல்ல மனிதர், மாற்றவிட்டார். .31 என்று போட்டேன். நாலரைக்குப் பட்டியல் அச்சாகி, கையெழுத்தாகி, மறுநாள் காலை கருவூலத்துக்குப் போயிற்று.

பிறகு நான் செய்தது குமாஸ்தா வேலைதான். ஒரு நீளப் பதிவேட்டை எடுத்துக் கோடு போட்டேன். வரிசை எண், இருக்கை, ஐ.பி., மேக், கொடுத்த நாள், சுருக்கொப்பம். யாரும் முகவரி வாங்காமல் வயர் சொருகக்கூடாது என்று சுற்றறிக்கை. எல்லோரும் கேலி செய்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பதிவேடு நடப்பில் இருந்ததாகக் கேள்வி.

அந்தப் பையன் போகும்போது எனக்கு ஒரு பாஸ் லினக்ஸ் குறுந்தகடு கொடுத்துவிட்டுப் போனான். வீட்டுக் கணினியில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது, இஃப்கான்ஃபிக் கட்டளையின் கையேட்டைப் பிரெஞ்சிலும் யாரோ புண்ணியவான்கள் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷம் கழித்து நான் சரளமாகப் படித்த அரசாங்க நடை! 'கேட்வே'க்குப் பிரெஞ்சில் 'பஸ்ஸரெல்' என்று போட்டிருந்தது. பஸ்ஸரெல் என்றால் நடைபாலம். தாம்பரம் ஸ்டேஷனில் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போக மூட்டையோடு ஏறி இறங்குகிறோமே, அதேதான். ஆங்கிலத்துக் கதவைவிட இந்தப் பாலம் எனக்குச் சட்டென்று புரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'கம்ப்யூட்டர்' என்றும் சொல்ல மாட்டார்கள். 1955-ல் ஐ.பி.எம். கம்பெனி கேட்டதற்கிணங்க ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் 'ஓர்தினாத்தேர்' என்று ஒரு சொல்லைக் கொடுத்தார், அது நிலைத்துவிட்டது. நாம் கணினி என்று சொன்னால்தான் சிலருக்குச் சிரிப்பு வருகிறது.

கடைசியாக 2015 டிசம்பர். 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. எங்கள் தெரு கொஞ்சம் மேடு, தண்ணீர் மூன்றாவது படியோடு நின்றது. கரண்ட் இல்லை, செல்போன் இல்லை, லேண்ட்லைன் செத்துவிட்டது. மகள் துலூஸில் இருந்தாள், ஏழு மாதக் கர்ப்பம். டி.வி.யில் முடிச்சூரைப் படகோடு காட்டிக்கொண்டிருப்பார்கள், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதுதான் என் மனைவியின் கவலை. "நாம நல்லா இருக்கோம்னு அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று நாலு நாளாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கரண்ட் வந்தது. தெருவில் கேபிள் டி.வி.க்காரர் கொடுத்த நெட் இணைப்பும் உயிரோடு இருந்தது, எதிர் வீட்டில் வேலை செய்தது. அவர்கள் வீட்டில் போய் ஒரு வரி தட்டலாம் என்றால், கதவைப் பூட்டிக்கொண்டு மாமனார் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் கணினியில் மட்டும் நெட்வொர்க் வாய் இறந்திருந்தது. கரண்ட் திரும்பிய வேகத்தில் கேபிள் வழியாக ஏதோ அடித்திருக்க வேண்டும். மேஜை இழுப்பறையில் பழைய கணினியிலிருந்து கழற்றிய ரியல்டெக் 8139 கார்டு ஒன்று கிடந்தது. பெட்டியைத் திறந்து அதைச் சொருகினேன். விளக்கு எரிந்தது. நெட் வரவில்லை.

கேபிள்காரரின் போன் எடுபடவில்லை. கூகுளில் தேடலாமென்றால் நெட்டே இல்லையே. இருந்தது கணினிக்குள்ளேயே கிடந்த கையேடு மட்டும்.

இஃப்கான்ஃபிக் தட்டிப் பார்த்தேன். புதுக் கார்டை அது 'ஈத்1' என்றது. என் அமைப்புக் கோப்பு முழுக்க 'ஈத்0' பற்றியே பேசியது. ஏன் ஒன்று? ஒரு மணி நேரம் கோப்பு கோப்பாகத் தேடினேன். ஒரு விதிக் கோப்பில் கிடைத்தது. லினக்ஸ் முதன்முதலாகப் பார்த்த கார்டின் மேக் எண்ணை எழுதி, "இவர்தான் ஈத்0" என்று நிரந்தரமாகப் பதிந்து வைத்திருக்கிறது. அந்தக் கார்டு செத்துப்போனது அதற்குத் தெரியாது. இறந்தவர் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி, ஈத்0 இருக்கை அவருக்கென்றே காலியாகக் கிடந்தது. புதியவருக்கு அடுத்த இருக்கை கொடுத்துவிட்டது. பழைய வரிக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டு முடக்கினேன், புதுக் கார்டை ஈத்0 ஆக்கினேன். மறுபடி தொடங்கினேன். இன்னும் வரவில்லை.

என் மனைவி பின்னால் வந்து நின்றாள். எதுவும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. கேபிள்காரர் இணைப்புக் கொடுத்த அன்று ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு போனாரே! அவர் பக்கத்திலும் ஒரு பதிவேடு இருக்கிறது. அந்த மேக் எண் வந்தால்தான் கதவு திறக்கும். புதுக் கார்டின் எண் அவருக்குத் தெரியாத ஆள். பழைய கார்டோ செத்தாயிற்று, அதன் எண்ணை எங்கே போய்த் தேடுவது? சற்று முன் முடக்கிய அந்த வரியில்தான் இருந்தது, பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக. நல்ல வேளை, அழிக்காமல் விட்டேன். அரசு ஊழியன் எதையும் கிழித்துப் போடமாட்டான் அல்லவா. புதுக் கார்டு பழைய எண்ணைச் சொல்லிக்கொள்ளும்படி செய்ய முடியும் என்று பிரெஞ்சுக் கையேடு சொன்னது. பணம் கட்டிய இணைப்பு என்னுடையது, செத்த கார்டும் என்னுடையது, ஆகவே ஆள்மாறாட்டம் என்று மனசு குத்தவில்லை. அமைப்புக் கோப்பில் முகவரிக்குக் கீழே அதை ஒரு வரியாக எழுதினேன். ஒவ்வோர் எண்ணையும் மனைவி உரக்கப் படிக்க, நான் தட்டினேன்.

இரவு பதினொன்றே காலுக்கு அஞ்சல் பெட்டி திறந்தது. மகளிடமிருந்து முப்பத்தாறு கடிதங்கள். கடைசிச் சிலவற்றில் "அப்பா" என்ற ஒரு சொல் மட்டும். "நல்லா இருக்கோம், வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை" என்று நான் தட்டி முடிப்பதற்குள் என் மனைவி, "சாப்பிட்டியான்னு கேளுங்க" என்றாள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. அதில் இருந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கேபிள்காரர் வந்தார். "புதுக் கார்டு போட்டீங்களாமே சார், நம்பர் மாத்தணும், இருநூறு ரூபா ஆகும்" என்றார். வேண்டாம், ஓடுகிறது என்றேன். ஓடாது சார் என்றார். ஓடுவதைக் காட்டினேன். கணினியைச் சுற்றி வந்து பின்பக்கத்தைப் பார்த்தார், வயரை ஒருமுறை பிடுங்கிச் சொருகினார், தலையைச் சொறிந்தார். அந்த இருநூறைக் கேட்கவில்லை. மழையில் நெட் இல்லாத நாட்களுக்கும் சேர்த்து மாதச் சந்தாவை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டு போனார்.